சிறையில் முளைத்த கனவு: எஸ்.டி. சுந்தரம்

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலை வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம், கள்ளக்குறிச்சி ஆகிய ஊர்களைக் கோத்துக்கொண்டு கிழக்கே நீள்கிறது. வழியின் பெரும்பகுதியில் வடக்குத் திசையில் துணையாக வருவது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இதன் மேற்குச் சரிவு சேலம் மாவட்டத்திலும், கிழக்குச் சரிவு கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அமைந்துள்ளன. மலையடிவாரச் சமவெளியில், வசிட்ட நதிக்கரையில் பழைய கோட்டையொன்றைத் தாங்கி நிற்கும் ஊர் ஆத்தூர். கவிஞர், நாடக ஆசிரியர், திரைப்பட வசனகர்த்தா, விடுதலைப் போராட்ட வீரர் எனப் பலவாறு அறியப்பட்ட எஸ்.டி. சுந்தரம் 1921ஆம் ஆண்டு இவ்வூரில் பிறந்தார்.

அவர் பிறந்த ஆண்டு ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியிருந்த ஆண்டு. அவ்வாண்டு செப்டம்பரில்தான் காந்தியடிகள் மதுரையில் தம் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். சுந்தரத்தின் இளமைக்காலம் முழுவதும் தேசியப் போராட்டத்தின் காற்றில் கழிந்தது. 1937இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் பொறுப்பேற்ற இராஜாஜி, மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைப்படுத்தத் தேர்ந்தெடுத்த மாவட்டமும் சேலமே. அரசியல் என்பது தொலைவில் உள்ள தலைநகரில் மட்டும் நடப்பதன்று, ஊரின் தெருவிலும் வீட்டின் அடுப்படியிலும் மாற்றத்தை உண்டாக்குவது என்பதைக் கண்முன் கண்ட தலைமுறை அது.

நாடகக் குழுவில் இளமை

இந்தப் பகுதியின் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழாக் காலத்தில் இரவு முழுதும் பாரதக் கூத்து நடைபெறும். விளக்கொளியில் முழவின் அதிர்வுக்கு ஆடும் கலைஞரின் சொல், பள்ளி செல்லாதவர் நெஞ்சிலும் பதியும். இந்த மரபோடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சங்கரதாசு சுவாமிகள் வளர்த்த பாலர் நாடகக் குழுக்கள் தமிழகம் எங்கும் பரவின. வறிய குடும்பத்துச் சிறுவர்கள் பலருக்கு அக்குழுக்களே பள்ளியாகவும் வீடாகவும் இருந்தன. விடியற்காலையில் எழுந்து குரற்பயிற்சி செய்வதும், நூற்றுக்கணக்கான பாடல்களையும் உரையாடல்களையும் மனப்பாடம் செய்வதும், ஊர் ஊராக மூட்டை முடிச்சுகளோடு பயணம் செய்வதும் அவர்களது வாழ்க்கை. கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்தது. தவறுக்குத் தண்டனையும் உண்டு. ஆயினும் பிற்காலத் தமிழ்த் திரையுலகின் பெரும்பாலான நடிகர்களும் எழுத்தாளர்களும் உருவான பட்டறை அதுவே.

சுந்தரம் சேர்ந்தது நவாப் இராஜமாணிக்கம் நடத்திய மதுரை தேவி பால வினோத சங்கீத சபாவில். பக்த இராமதாசர் கதையில் நவாப் வேடம் ஏற்றுப் புகழ்பெற்றதனால் இராஜமாணிக்கத்தின் பெயரோடு அவ்வேடமும் ஒட்டிக்கொண்டது. தசாவதாரம், இராமாயணம், ஏசுநாதர் வரலாறு என அவர் மேடையேற்றியவை பெரும்பாலும் பக்தி நாடகங்கள். காட்சியமைப்பில் அவர் காட்டிய பிரமாண்டத்தைக் காண மக்கள் திரண்டனர். எம்.என். நம்பியார் முதலான பலர் பயின்ற இக்குழுவில் சுந்தரம் மேடையின் நுணுக்கங்களைக் கற்றார். எந்த இடத்தில் ஓர் உரையாடல் முடிந்தால் அவையோர் கைதட்டுவர், எந்த இடத்தில் மௌனமே பேசும் என்பதை ஏட்டைப் படித்து அறிய முடியாது. திரைச்சீலையின் ஓரத்தில் நின்று அவையைப் பார்த்தே அறிய வேண்டும். எழுத்தாளராவதற்கு முன்பே அவருக்கு அந்தப் பாடம் கிடைத்துவிட்டது.

மேடைத் தமிழோடு நின்றுவிடாமல் இலக்கியத் தமிழையும் முறையாகக் கற்க விரும்பி, திருவையாறு அரசர் கல்லூரியில் வித்துவான் வகுப்பில் சேர்ந்தார். நாடகக் கொட்டகையின் பேச்சு நடையும் கல்லூரியின் சங்கத் தமிழும் அவருக்குள் கலந்தன. அவருடைய பிற்கால வசனங்கள் பண்டிதத் தமிழாக இறுகிவிடாமலும், கொச்சையாகத் தளர்ந்துவிடாமலும் அமைந்ததற்கு இவ்விரு பயிற்சிகளின் சேர்க்கையே காரணம் எனலாம்.

1942

1942 ஆகஸ்டு மாதம் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியது. தலைவர்கள் அனைவரும் ஒரே இரவில் கைது செய்யப்பட்டனர். வழிநடத்த ஆளில்லாத நிலையில் மாணவர்களே போராட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டனர். அமைதிக்கும் இசைக்கும் பெயர்பெற்ற திருவையாறும் கொந்தளித்தது. அங்கே அஞ்சல் நிலையமும் முன்சீப் நீதிமன்றமும் தாக்குதலுக்கு உள்ளாயின. அந்நாளைய போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர்களுள் சுந்தரமும் ஒருவர். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

புலவர் பட்டம் பெற்று ஆசிரியப் பணியில் அமர்ந்து அமைதியாக வாழக்கூடிய ஓர் இளைஞர், தம் எதிர்காலத்தைப் பணயமாக வைத்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சிறைக்குச் சென்று திரும்பியவர்க்கு அக்காலத்தில் அரசு வேலையின் கதவு மூடப்பட்டிருந்தது. விடுதலை எப்போது வரும் என்பதும் தெரியாது. ஐந்தே ஆண்டுகளில் வரும் என்று 1942இல் யாரும் உறுதியாகச் சொல்லியிருக்க இயலாது. இன்று அக்காலத்தைத் திரும்பிப் பார்க்கும்போது, முடிவு தெரிந்த கதையைப் படிப்பதுபோல் அந்தத் துணிவை எளிதாக எடுத்துக்கொள்கிறோம்.

சிறைப்பட்டிருந்த நாள்களின் சிந்தனையிலிருந்து பிறந்ததே 'கவியின் கனவு' நாடகம்.

கவியின் கனவு

தேசியக் கருத்துகளை மேடையில் பேசுவது அன்று எளிய செயலன்று. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம், அரசுக்கு எதிரானது எனக் கருதப்படும் நாடகத்தைத் தடை செய்யும் அதிகாரத்தை ஆட்சியாளர்க்கு வழங்கியிருந்தது. தெ.பொ. கிருஷ்ணசாமிப் பாவலரின் 'கதரின் வெற்றி' 1922இல் மேடையேறிய காலந்தொட்டு, நாடகக் கலைஞர்களுக்கும் காவல்துறைக்கும் இடையே ஓயாத போராட்டம் நிகழ்ந்தது. முருகன் வேடத்தில் மேடையில் நின்றபடியே தேசியப் பாடல்களைப் பாடிய விசுவநாததாசு பலமுறை சிறை சென்றார். 1940ஆம் ஆண்டின் இறுதி நாளன்று சென்னையில் மேடையிலேயே உயிர் நீத்தார்.

ஆகவே சுந்தரம் அரசகதை ஒன்றைத் திரையாகக் கட்டினார். ஒரு கற்பனை நாடு. அதனைத் தன் பிடிக்குள் வைத்து ஆட்டிப் படைக்கும் கொடிய அதிகாரம். அதனை எதிர்த்து நாட்டின் விடுதலையைக் கனவு காணும் ஆனந்தன் என்னும் கவி. மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு அது மாயமும் சூழ்ச்சியும் நிறைந்த மன்னர்காலக் கதை. கொட்டகையில் அமர்ந்திருந்த மக்களுக்கோ, அடிமைப்பட்ட அந்த நாடு எது, ஆட்டிப் படைப்பவர் யார், கனவு காணும் கவி யாரை நினைவூட்டுகிறான் என்பனவற்றை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாரதியார் மறைந்த அதே ஆண்டில் பிறந்த ஒருவர், நாட்டின் விடுதலையைக் கவிஞன் ஒருவனின் கனவாக எழுதியது பொருத்தமே.

இந்நாடகத்தை 1940களின் நடுவில் மேடையேற்றியது சக்தி நாடக சபா. அதனை நடத்திய டி.கே. கிருஷ்ணசாமி, சக்தி கிருஷ்ணசாமி என்னும் பெயரில் பின்னர் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படத்துக்கு வசனம் எழுதியவர். கவி ஆனந்தனாக எஸ்.வி. சுப்பையா நடித்தார். எம்.என். நம்பியார் எதிர்நிலைப் பாத்திரத்தில் அவையை நடுங்க வைத்தார். பிற்காலத்தில் நடிகர் திலகம் என்று போற்றப்பட்ட வி.சி. கணேசனும் அச்சபாவின் இளம் நடிகர்களுள் ஒருவர். நாடகம் நூற்றுக்கணக்கான முறை நடைபெற்றது. நாகப்பட்டினத்தில் நடந்தபோது வெளியூர் மக்கள் வந்து செல்வதற்கெனச் சிறப்புத் தொடர்வண்டியே விடப்பட்டது என்பதை நாடக உலகினர் பெருமையோடு நினைவுகூர்வதுண்டு. பக்தி நாடகத்துக்கும் காதல் நாடகத்துக்கும் கூட்டம் சேர்வதில் வியப்பில்லை. அரசியல் உட்பொருள் கொண்ட ஒரு நாடகத்துக்கு இத்தகைய கூட்டம் சேர்ந்ததுதான் குறிப்பிடத்தக்கது. 'வீரசுதந்திரம்', 'நம் தாய்' முதலிய நாடகங்களையும் அவர் எழுதினார்; எனினும் அவருடைய பெயரைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது 'கவியின் கனவு'தான்.

திரையில் வசனம்

தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கிய 1931 முதல் சில ஆண்டுகள், படங்களில் பாட்டே மிகுதியாக இருந்தது. 'அம்பிகாபதி' (1937), 'கண்ணகி' (1942) ஆகிய படங்களில் இளங்கோவன் எழுதிய உரையாடல்கள் வசனத்துக்கு ஓர் இலக்கியத் தகுதியை ஈட்டித் தந்தன. பிறகு அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி' (1949), கலைஞர் மு. கருணாநிதியின் 'பராசக்தி' (1952) ஆகியவை, சமூகக் கேள்விகளை எழுப்பும் கருவியாகத் திரைவசனத்தை மாற்றின. சுவரொட்டிகளில் வசனகர்த்தாவின் பெயர் பெரிய எழுத்தில் இடம்பெற்றது. வசனங்கள் சிறுநூல்களாக அச்சாகி விற்பனையாயின. ஆத்தூருக்கு அருகிலேயே, சேலத்தில், டி.ஆர். சுந்தரம் 1935இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஆண்டு முழுவதும் படங்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. பெயர் ஒற்றுமையால் அவரையும் எஸ்.டி. சுந்தரத்தையும் ஒருவராகக் கொள்ளலாகாது.

எழுத்தாளர்களின் அந்தப் பொற்காலத்தில், தேசிய இயக்கத்தின் பக்கமிருந்து திரைக்கு வந்தவர் எஸ்.டி. சுந்தரம். 1953இல் வெளிவந்த 'மனிதனும் மிருகமும்' அவர் பணியாற்றிய படங்களுள் ஒன்று. அதனினும் கருதத்தக்கது 1955இல் வெளிவந்த 'கள்வனின் காதலி'.

கல்கி 1937இல் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய புதினம் அது. கொள்ளிடக் கரையை நிலைக்களமாகக் கொண்டது. தங்கையைத் தவிர வேறு உறவில்லாத முத்தையன் என்னும் இளைஞன், செய்யாத குற்றத்துக்காகக் காவல் நிலையத்தில் அடைக்கப்படுகிறான். அங்கிருந்து தப்பியபின் உண்மையிலேயே கள்வனாகிறான். ஒருவன் குற்றவாளியாகப் பிறக்கிறானா, ஆக்கப்படுகிறானா என்பதே புதினம் எழுப்பும் கேள்வி. குறிப்பிட்ட சில சமூகத்தினரைப் பிறப்பினாலேயே குற்றவாளிகளாகக் கருதிய குற்றப் பரம்பரைச் சட்டம் நடைமுறையில் இருந்த நாட்டில், அக்கேள்வி வெறும் கதைக்கேள்வியாக இருக்கவில்லை. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீக்கப்பட்டது.

வி.எஸ். ராகவன் இயக்கிய இப்படத்துக்குச் சுந்தரம் வசனம் எழுதினார். சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்தனர். பெரும் வாசகர் கூட்டம் ஏற்கெனவே அறிந்திருந்த கதைக்கு வசனம் எழுதுவது கத்திமேல் நடப்பது போன்றது. மூலத்திலிருந்து விலகினால் வாசகர் பொறுக்கமாட்டார். அப்படியே எழுதினால் படம் நகராது. புதினத்தில் ஆசிரியர் தம் கூற்றாகச் சொல்லிச் செல்லும் நகைச்சுவையையும் இரக்கத்தையும் திரையில் பாத்திரங்களின் வாய்மொழியாக மாற்ற வேண்டும். படம் வெளிவருவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், 1954 டிசம்பரில், கல்கி மறைந்துவிட்டார்.

கப்பலோட்டிய தமிழன்

சுந்தரத்தின் திரைப்பணியில் முதலிடம் பெறுவது 1961இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்'. வ.உ. சிதம்பரனாரின் வரலாற்றை ம.பொ. சிவஞானம் எழுதிய நூலை அடிப்படையாகக் கொண்டு பி.ஆர். பந்துலு தயாரித்து இயக்கிய படம் இது. வ.உ.சி.யாகச் சிவாஜி கணேசனும், சுப்பிரமணிய சிவாவாக டி.கே. சண்முகமும் நடித்தனர். பாரதியாராக நடித்தவர் எஸ்.வி. சுப்பையா. 'கவியின் கனவு' மேடையில் கவி ஆனந்தனாக நின்ற அதே கலைஞர், பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் அதே எழுத்தாளரின் வசனத்தைப் பேசி, உண்மையான கவியாகத் திரையில் தோன்றினார். 1949இல் அரசு பாரதியாரின் படைப்புகளைப் பொதுவுடைமையாக்கியிருந்ததனால், அவருடைய பாடல்களைப் படத்தில் தாராளமாகப் பயன்படுத்த முடிந்தது.

வ.உ.சி.யின் வாழ்வு திரைக்கதைக்கு எளிதாக வளைந்து கொடுப்பதன்று. 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும், காலியா, லாவோ என்னும் கப்பல்களைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்ததும் எழுச்சி மிக்க பகுதிகள். 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்று வெற்றி கண்டது வரை கதை ஏறுமுகமாகவே செல்லும். அதன் பிறகு வருவன எல்லாம் இழப்புகள். இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டும் ஆண்டுக்கணக்கில் நீண்ட சிறைவாழ்வு. கோவைச் சிறையில் மாட்டைப்போல் செக்கிழுத்த கொடுமை. போட்டியைத் தாங்க முடியாமல் மூழ்கிய கம்பெனி. 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தபோது வரவேற்கக் கூட்டமில்லை. வழக்கறிஞர் உரிமையும் பறிபோன நிலையில், எஞ்சிய வாழ்வின் பெரும்பகுதி வறுமையில் கழிந்தது. நாடு விடுதலை பெறுவதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன், 1936இல், அவர் மறைந்தார்.

வெற்றியில் முடிய வேண்டும் என்பது திரைப்படத்தின் எழுதாத விதி. வழக்கமான வசனகர்த்தா, செக்கிழுக்கும் காட்சியில் நாயகனை முழக்கமிட வைத்திருப்பார். சிறைவாயிலில் மாலைகளோடு ஒரு கூட்டத்தையும் நிறுத்தியிருப்பார். 'கப்பலோட்டிய தமிழன்' அவ்வாறு செய்யவில்லை. வ.உ.சி.யின் வீழ்ச்சி வீழ்ச்சியாகவே காட்டப்பட்டது. விடுதலையாகி வரும் தலைவரை எதிர்கொள்ளத் தொழுநோயால் உருக்குலைந்த சிவா ஒருவரே வந்து நிற்கும் காட்சியில், இருவரின் சொற்களும் குறைவு. காண்போர் மனத்தில் எழும் குற்றவுணர்வோ பெரிது. சிறையறையின் தனிமையைத் தாமே அறிந்திருந்த ஒருவரின் அடக்கம் அந்த எழுத்தில் தெரிகிறது. சிறையை வீரத்தின் அலங்காரமாகக் காட்டுவதற்கும், ஒரு மனிதனின் உடலையும் காலத்தையும் தின்னும் இடமாகக் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரியும்.

நேர்மைக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. வெளிவந்தபோது படம் வணிக வெற்றி பெறவில்லை. தமிழ் மொழியின் சிறந்த படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. ஆயினும் கொட்டகைகளில் மக்கள் திரளவில்லை. வ.உ.சி.யைக் கைவிட்ட தமிழகம், அவரைப் பற்றிய படத்தையும் முதலில் கைவிட்டது என்று சொன்னால் மிகையாகாது. காலப்போக்கில் நிலைமை மாறியது. பள்ளி மாணவர்களுக்குத் திரையிடப்படும் படமாகவும், விடுதலை நாளில் தொலைக்காட்சிகள் தேடி எடுக்கும் படமாகவும் அது நிலைபெற்றது. வ.உ.சி. என்றதும் இன்று பலருடைய உள்ளத்தில் எழும் உருவம் இப்படம் தந்த உருவமே.

கவி ஆனந்தன், முத்தையன், சிதம்பரனார் ஆகிய மூவரையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். ஒருவன் கற்பனை நாட்டுக் கவி. ஒருவன் கொள்ளிடக்கரைக் கள்வன். ஒருவர் வரலாற்றுத் தலைவர். மூவரும் அதிகாரத்தின் பிடியில் அகப்பட்டவர்கள். பட்டம் சூடும் மன்னனையோ எதிரிகளை வீழ்த்தும் வீரனையோ விட, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் மனிதனே சுந்தரத்தின் எழுத்தில் உயிர்பெற்றான்.

பிற்காலம்

விடுதலைக்குப் பின் காங்கிரசு இயக்கத்தில் தொடர்ந்த அவர், 1960களில் தமிழக சட்ட மேலவையின் உறுப்பினராகப் பணியாற்றினார். தமிழ்நாடு சங்கீத நாடக சங்கத்தின் செயலாளராகவும் விளங்கினார். திரைப்படத்தின் வளர்ச்சியால் நாடகக் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்துகொண்டிருந்த காலம் அது. பன்னிரண்டு வயதில் மேடையேறி, அறுபது வயதில் கையில் காசின்றி நின்ற கலைஞர்கள் ஊருக்கு ஊர் இருந்தனர். பாலர் சபையில் வளர்ந்த ஒருவர் அத்தகைய அமைப்பின் பொறுப்பில் இருந்தது, அக்கலைஞர்களின் நிலையை விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒருவர் இருந்ததாகும்.

அவருடைய ஊருக்கு வடக்கே நின்ற கல்வராயன் மலைக்கு விடுதலை வந்து சேர மேலும் காலம் பிடித்தது. மலையின் பெரும்பகுதி நெடுங்காலமாக ஜாகிர்தாரர்களின் ஆளுகையில் இருந்தது. மலைவாழ் மக்கள் அவர்களுக்கு வரி செலுத்தியதோடு, கூலியின்றி உழைக்கும் கட்டாயத்துக்கும் உள்ளாகியிருந்தனர். 1947இல் சமவெளியில் கொடியேறிய பிறகும் மலைமேல் அந்த முறை உடனே மறைந்துவிடவில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததையொட்டி, 1976இல்தான் ஜாகிர் முறை முடிவுக்கு வந்து, மலை அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது. 'கவியின் கனவு' மேடையேறி அப்போது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1979 மார்ச்சுத் திங்களில், எஸ்.டி. சுந்தரம் காலமானார்.